அக்கா கார் ஏற்றப் பழகியது

என் அக்காவிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். மருந்துக் கடைக்குப் போனால் கல்லாவில் இருப்பவர் "வாங்க டீச்சர்" என்று எழுந்து நிற்பார். பல் டாக்டர் இவளை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, "நீங்க என்னை எவ்வளவு திட்டியிருக்கீங்க, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டபடி ஊசியைக் கையில் எடுப்பார். வாயில் பஞ்சு இருப்பதால் அக்காவால் மறுத்துப் பேச முடியாது.

அக்கா வேலை பார்த்தது ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ஓட்டுநர் பள்ளியில். மொத்தம் இரண்டே கார். இரண்டிலும் ஆசிரியர் உட்காரும் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தப்புச் செய்தால் அதை மிதித்து வண்டியை நிறுத்தலாம். இருபது வருஷத்துக்கு மேல் அக்கா அந்த பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, பயத்தை முகத்தில் காட்டாமல், "கண்ணாடியப் பாருங்க... ம்... இப்ப மெதுவா" என்று சொல்லியே பிழைத்தாள்.

பள்ளியின் முதலாளிக்கு வயதாகிவிட்டது. மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறேன் என்று இடத்தைக் காலி செய்தார். அங்கே மூக்குக் கண்ணாடிக் கடை வந்தது. அக்கா வீட்டில் உட்கார்ந்த அதே சமயத்தில்தான் அத்தானுக்கும் அடி விழுந்தது.

அத்தானுக்குக் கார் ஏற்றிப் போகும் லாரி ஒன்று உண்டு. ஏலக் களத்தில் விற்கும் பழைய கார்களை நீளமான டிரெய்லரில் மேலும் கீழுமாக இரண்டு தட்டில் அடுக்கி, வெளியூர்க் கடைகளில் கொண்டுபோய் இறக்குவார். ஒரு மழை நாளில் ஏற்றிய கார் நகராமல் இருக்கச் சக்கரத்துக்குப் போடும் பெல்ட்டை இழுத்துக் கட்டும்போது, தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். ஆபரேஷன் நடந்தது. "லாரி ஓட்டலாம். ஆனா கைய தலைக்கு மேல தூக்கி வேலை செய்யாதீங்க, ஏணி பக்கமே போகாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது போதாதென்று, டிரெய்லரின் சட்டத்தில் விரிசல் கண்டிருக்கிறது, இனி ரோட்டில் ஓடக்கூடாது என்று சோதனையில் அதையும் ஓரம் கட்டினார்கள்.

அத்தானுக்குப் பெரிய உடம்பு, சின்னப் பேச்சு. நான் அவர்களுக்குக் கீழ் மாடியில் குடியிருக்கிறேன். அவர் நடந்தால் எங்கள் வீட்டு மேற்கூரையில் தெரியும். அந்த மாதம் முழுக்க மேலே சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், டிவி அணைந்திருக்கும்.

"லாரிய வித்துடலாம்னு இருக்கேன். ஏலக் களத்துல கேட்ல உக்கார ஆள் கேக்குறாங்க" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது.

அக்கா தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "நீங்க ஓட்டுங்க. நான் ஏத்துறேன்."

"உனக்கு என்ன தெரியும் அதுல?"

"கார் ஓட்டத் தெரியும். ஏணி ஏறத் தெரியும். மிச்சத்தக் கத்துக்கிறேன்."

அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

விரிசல் விட்டதற்குப் பதிலாக வேறு டிரெய்லர் பார்க்கப் போன அன்று என்னையும் கூட்டிப் போனார்கள். "எனக்கு அதுல என்ன தெரியும்னு என்னைக் கூப்பிடுற?" என்றதற்கு, "நாங்க ரெண்டு பேரும் வழியில சண்டை போட்டா நடுவுல ஒரு ஆள் வேணும்" என்றாள் அக்கா. லாரியின் முன்னறையில் நடு இருக்கையில் உட்கார்ந்து போனேன். போகும்போது சண்டை இல்லை. பேச்சும் இல்லை.

ஊருக்கு வெளியே கம்பி வேலி போட்ட பெரிய மைதானம். வியாபாரி வாய்க்கு ஓய்வே கொடுக்காத மனிதர். இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நீட்டினார்.

"இது லோ-ரெயில். பாரம் தாங்குற உத்தரம் கீழ, தரையோட ஓடுது. பக்கமெல்லாம் திறப்பு. கார உள்ள விட்டுட்டு கதவ அகலமாத் தொறந்து ராஜா மாதிரி இறங்கலாம். அது ஹை-ரெயில். உத்தரம் மேல, உச்சில ஓடுது. அதனால கீழ்த்தட்டு மெலிசா, ரோட்டை ஒட்டித் தாழ்வா இருக்கும். உயரமான வண்டியும் அலுங்காம உள்ள போயிடும். ஆனா பக்கத்துல தூணு, குறுக்குக் கம்பியெல்லாம் வரும். இறங்குறதுதான் கொஞ்சம்..." அவர் பார்வை அத்தானின் வயிற்றில் போய் நின்றது. மீதியை விழுங்கிவிட்டார்.

"லோ-ரெயிலே போதும்" என்றார் அத்தான்.

அக்கா கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். வீட்டில் திரைச்சீலைக்கு அளவெடுக்கிற டேப். ஒரு நுனியை என்னிடம் கொடுத்துக் கீழே பிடிக்கச் சொன்னாள். இரண்டு டிரெய்லரிலும் கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் இடையே அளந்தாள்.

"இப்பல்லாம் ஏலத்துல என்ன வண்டிங்க அதிகம் வருது?"

"உயரமான வண்டிதான். குடும்ப வேன், ஜீப் மாதிரி" என்றார் அத்தான்.

"இந்த லோ-ரெயில்ல ஒரு வேனக் கீழ ஏத்துனா, மேல்தட்ட ஒசத்தணும். அப்ப மேல இருக்குற காரோட கூரை ரோட்டுப் பாலத்துல இடிக்காதா?"

"இடிக்கும். அந்த இடத்தக் காலியா விட்டுட்டுப் போகணும்."

"அப்ப ஒவ்வொரு நடையும் ஒரு கார் குறையும்."

இது அத்தானுக்குத் தெரியாத விஷயமா என்ன. அவர் லோ-ரெயிலின் பக்கவாட்டைக் கையால் தடவிக்கொண்டே நின்றார்.

"ஏத்தப் போறது யாரு?" என்று கேட்டாள் அக்கா. குரலில் கோபம் இல்லை.

அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீதான்."

"அப்ப என் உடம்புக்குத் தோதானதப் பாக்கணுமில்ல?"

அவர் லோ-ரெயிலிலிருந்து கையை எடுத்தார். அதற்கு முன் வரை, தன் உடம்பு இறங்க வசதியான வண்டியைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"எதுக்கும் ஒரு தடவ ஏத்திப் பாத்துடுறேன்" என்றாள் அக்கா வியாபாரியிடம்.

"வாங்குறதுக்கு முன்னாடியேவா? யாரும் அப்படிக் கேட்டதில்லம்மா."

"ஓட்டிப் பாக்காம எந்த வண்டியப் பத்தியும் பேசக் கூடாதுன்னு ஊருக்கே சொல்லிக் குடுத்தவ நான்."

வியாபாரி தலையைச் சொறிந்தார். பிறகு போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். கொட்டகைக்குள்ளிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். டிரெய்லர் வாங்குகிறவர்களுக்கு எப்படி ஏற்றுவது என்று செய்து காட்டுவது அவர் வேலை. அக்காவைப் பார்த்ததும் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"டீச்சர்?"

"செவுரு?" என்றாள் அக்கா. அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவருக்குப் பள்ளியில் அதுதான் பெயர். ஓட்டுநர் தேர்வில் தோற்றுத் தோற்று வந்தவர். கடைசியாகத் தேர்வுக்கு முதல் நாள் காரைப் பின்னால் எடுக்கும்போது பள்ளியின் சுற்றுச்சுவரையே சாய்த்துவிட்டார். அக்கா இரண்டாவது பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை என்று கேள்வி. அன்றிலிருந்து அவர் செவுரு. நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெயரை மட்டும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"பரவால்ல டீச்சர், இங்கயும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. நானே சொல்லிட்டேன்."

அவர் ஒரு காரை எடுத்து, பின்பக்கச் சாய்வுப் பலகையில் ஏற்றி, மேல்தட்டின் முனை வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கினார். தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தாள். "என் செவுத்த இடிச்ச ஆளா இது" என்று என் காதில் மட்டும் சொன்னாள்.

அவள் முறை வந்தது. ஹை-ரெயிலின் கீழ்த்தட்டில் ஒரு காரை உள்ளே விட்டாள். அழகாகத்தான் விட்டாள். ஆனால் ஒரு சாண் முன்னால் போய்விட்டது. கதவைத் திறந்தால் தூணில் முட்டி, பூனை நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. உள்ளேயே உட்கார்ந்து யோசித்தாள். பிறகு ஜன்னல் கண்ணாடி இறங்கியது. முதலில் கைப்பை வந்தது, அப்புறம் ஒரு கால், அப்புறம் அக்கா. அத்தானும் வியாபாரியும் மரியாதையாக வானத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன்.

"முதல் நாள் எல்லாருக்கும் ஜன்னல்தான் டீச்சர்" என்றார் செவுரு. "கதவு ரெண்டு தூணுக்கு நடுவுல விழணும். உள்ள நொழையறப்பவே எங்க நிக்கணும்னு மனசுல வச்சுக்கணும்."

அவள் அதே ஜன்னல் வழியாக மறுபடி உள்ளே போய், காரைப் பின்னால் எடுத்து, திரும்பவும் விட்டாள். இந்த முறை கதவு தூணுக்கும் தூணுக்கும் நடுவே விழுந்தது. திறந்து, இறங்கி, சேலைத் தலைப்பை உதறுகிற மாதிரி சட்டையை உதறிக்கொண்டாள்.

"இதையே எடுத்துக்கலாம்" என்றாள்.

அத்தான் தலையசைத்தார்.

செவுரு தன் விடுமுறை நாட்களில் சொல்லித் தருவதாக ஒத்துக்கொண்டார். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "என் மக அடுத்த வருஷம் லைசென்ஸ் எடுக்கணும். நீங்கதான் சொல்லித் தரணும். அவளும் என்னை மாதிரியே ஓட்டுறா" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

பாடம் தரையில்தான் தொடங்கியது. டிரெய்லரின் பக்கவாட்டில் வரிசையாக லிவர்கள். எதைத் தள்ளினால் எந்தத் தட்டு ஏறும், எது சாயும் என்று கண்ணை மூடினாலும் கைக்குத் தெரிய வேண்டும். தட்டை உயர்த்தி முடித்ததும் இரும்புப் பின்னைத் துளைக்குள் செருக வேண்டும். அக்கா ஒரு தடவை பின்னைப் போடாமல் அடியில் குனியப் போனாள். செவுரு அவள் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். தட்ட தாங்கி நிக்கிறது குழாய்ல இருக்குற எண்ணெய். எண்ணெய நம்பாதீங்க, பின்ன நம்புங்க."

அதுவரை வாழ்க்கையில் யாரும் அக்காவின் காலரைப் பிடித்ததில்லை. அவள் பின்னைப் போட்டாள். அதற்கப்புறம் மறந்ததே இல்லை.

கார்களை அடுக்குவது தனிக் கலை. ஒரு காரின் தாழ்ந்த மூக்கு இன்னொரு காரின் தூக்கிய வாலுக்கு அடியில் போய் உட்கார வேண்டும். சிலதை நேராக ஏற்ற வேண்டும், சிலதைப் பின்பக்கமாக. முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். அக்கா சமையலறை மேசையில் தீப்பெட்டிகளையும் சோப்புக் கட்டிகளையும் வைத்து அடுக்கிப் பார்ப்பாள். ஒருநாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டி, "உன் கிட்ட உயரமா ஒரு டப்பா இருக்கா? எனக்கு ஒரு வேன் குறையுது" என்றாள்.

எல்லாவற்றையும் விட மேல்தட்டுதான் அவளைப் படுத்திவிட்டது. சாய்வுப் பலகையில் கார் ஏறும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். முன்கண்ணாடியில் மேகத்தைத் தவிர எதுவும் தெரியாது. இருபுறமும் சக்கரத்துக்கு வெளியே கொஞ்சம் இரும்பு, அதற்கு வெளியே காற்று. முதல் தடவை அவள் பாதி ஏறி நின்றுவிட்டாள். அன்று நானும் போயிருந்தேன். பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது.

"என்ன ஆச்சு டீச்சர்?"

"நீ வந்து பக்கத்துல உக்காரு."

"அது முடியாது. ஏத்துறப்ப ஒருத்தர்தான் இருக்கணும். அதுதான் விதி."

இத்தனை வருஷமாக யார் தப்புச் செய்தாலும் நிறுத்த அவள் பக்கத்தில் இருந்தாள். இப்போது தன் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை என்பதுதான் அவளைக் கட்டிப்போட்டது என்று பின்னால் சொன்னாள். உயரம் கூட அவ்வளவு பயமாக இல்லையாம்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார் செவுரு.

"ஒரு மண்ணும் தெரியல."

"கண்ணாடியப் பாருங்க."

ஜன்னலில் அக்காவின் தலை திரும்பியது.

"சக்கரமும் தட்டோட ஓரமும் தெரியுதா?"

"தெரியுது."

"ம்... இப்ப மெதுவா."

சிவப்பு விளக்கு அணைந்தது. கார் ஏறி, சமமாகி, தட்டின் முனையில் போய் நின்றது. கீழே வந்ததும் அக்கா நேராக அவரிடம் போனாள். "அது என் வசனம்" என்றாள். "ஆமா டீச்சர். வேற எங்கயும் நான் எதுவும் கத்துக்கல" என்றார் அவர், அப்பாவியாக.

அத்தான் ஒவ்வொரு பாடத்துக்கும் வந்தார். லாரியைத் துடைக்கிற மாதிரி பாவனை. கைதான் துடைக்கும், கண் மேல்தட்டில் இருக்கும். "இடது பக்கம் போகுது" என்பார். "தெரியும்" என்பாள். "இன்னும் கொஞ்சம்" என்பார். "நீங்க துடைங்க" என்பாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தச் சண்டை தொடரும். ஒருநாள் அவள் என்னிடம், "அவர் சொல்றதெல்லாம் சரிதாண்டி. அதுதான் எரிச்சலா இருக்கு" என்றாள்.

முதல் நடைக்குக் காலையிலேயே ஏலக் களத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. இனி வருவதெல்லாம் அவர்கள் இருவரும் மாறி மாறி, ஒருவர் பேச்சை மற்றவர் திருத்தி, பிற்பாடு பல தடவையாக என்னிடம் சொன்னது.

ஏழு கார். மூன்று உயரமான வேன், மூன்று சாதாரண கார், தாழ்வாக, பந்தயக் கார் மாதிரி ஒன்று. அத்தான் கீழே நின்று லிவர்களை இயக்கினார். அதற்கு இடுப்பு உயரத்தில் கை போதும். அக்கா ஏற்றினாள். மற்ற லாரிக்காரர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலை இவளுக்கு வெயில் ஏறும் வரை போனது. தாழ்வான கார் பலகை மடியும் இடத்தில் வயிறு தட்டும் போலிருந்தது. இறங்கி, குனிந்து பார்த்து, சக்கரத்துக்கு அடியில் கட்டைகளை வைத்து, ஏறி, மறுபடி இறங்கிப் பார்த்து, இப்படியே அந்த ஒரு காருக்கே பாதி நேரம்.

பின்னால் காத்திருந்த ஒருவர் பொறுமை இழந்து, "அம்மா, இன்னிக்குள்ள முடியுமா?" என்று கேட்டார்.

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அத்தான்தான் திரும்பினார். "முடியறப்ப முடியும். உங்களுக்கு இன்னொரு டீ சொல்லட்டுமா?" என்றார். அத்தான் முன்பின் தெரியாத ஒருவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லையாம்.

கடைசிச் சக்கரத்துக்கும் பெல்ட் போட்டு, அதை முடுக்கும் ராட்செட்டை இறுக்கி, உயரக் கோலால் மேலே இருக்கும் காரின் கூரையை அளந்தாள். அளவு சரி. மறுபடி அளந்தாள். அப்போதும் சரி. மூன்றாவது தடவை கோலைத் தூக்கியபோது அத்தான், "கார் வளராது. ஏறு, போலாம்" என்றார்.

நெடுஞ்சாலையில் ஏறும் வரை ஒன்றும் இல்லை. முதல் வளைவில் அந்தச் சத்தம் வந்தது.

டொம்.

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் கண்ணாடியைப் பார்த்தார். ரோடு நேராக இருந்தவரை அமைதி. அடுத்த வளைவில் மறுபடி டொம். கனமான ஏதோ ஒன்று இடம் மாறி மோதுகிற சத்தம். எந்த பெல்ட், எந்த பின், எதை விட்டோம் என்று ஏழு காரும் அக்காவின் கண்ணுக்குள் ஓடின. மேல்தட்டிலிருந்து ஒரு கார் சரிந்து பின்னால் வருகிறவர் மேல் விழுவதாக நினைத்துக்கொண்டு கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தாளாம்.

அத்தான் அவசரப்படவில்லை. வேகத்தைக் குறைத்து, லாரிகள் நிற்கும் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு பேரும் இறங்கினார்கள். வழக்கமாக இந்த இடத்தில் அவர்தான் மேலே ஏறுவார். பழக்கத்தில் அவர் கை ஏணி வரை போயே விட்டது. பிறகு விலகி நின்று அவளுக்கு வழி விட்டார்.

அவள் ஏறினாள். லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் டிரெய்லர் லேசாக நடுங்கியது. முன்னாலிருந்து ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் தட்டிப் பார்த்தாள். எல்லாம் வீணைக் கம்பி மாதிரி விறைப்பாக இருந்தன. ஒவ்வொரு பின்னையும் தொட்டாள். எல்லாம் துளைக்குள். மேலே முடித்துவிட்டுக் கீழ்த்தட்டுக்கு வந்தாள். அங்கேயும் அப்படியே.

"எல்லாம் சரியா இருக்கு" என்றாள். சரியாக இருப்பதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அப்படியானால் சத்தம் எங்கிருந்து?

அத்தான் கடைசியில் நின்ற வேனுக்குப் பக்கத்தில் போனார். நல்ல கையால் அதை ஓர் உலுக்கு உலுக்கினார்.

டொம்.

வேனின் பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே, சாமான் வைக்கும் இடத்தில், உடற்பயிற்சிக்குக் கையில் தூக்கும் ஒரு டம்பெல் உருண்டுகொண்டிருந்தது. நல்ல கனம். விலைச் சீட்டு கூடக் கிழிக்காமல் அப்படியே ஒட்டியிருந்தது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாவம், வாங்குனதோட சரி போலிருக்கு" என்றார் அத்தான்.

அவ்வளவுதான். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அத்தான் டம்பெல்லைப் பழந்துணியில் சுற்றி, இருக்கைக்கு அடியில் அசையாமல் செருகினார். பிறகு அவள் பக்கத்தில், லாரியின் படியில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "இந்தத் தோள் அந்த மழை நாள்ல போகல. ரெண்டு வருஷமாவே சரியில்ல. மேல ஏறுறப்பல்லாம் கை விட்டுடுமோன்னு பயந்துட்டேதான் ஏறுவேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்தச் சொல்லுவ."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

"அதான்."

ஒரு லாரி சீறிக்கொண்டு கடந்து போனது.

"இப்ப நீ மேல நின்னப்பவும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார் அவர். "ஆனா என் கைய நெனச்சு பயப்பட வேண்டி வரல. ராத்திரி தூங்குறப்பக் கூட அந்த நெனப்பு விடாது எனக்கு. இன்னிக்குத்தான் விட்டுச்சு."

அக்கா இன்னொரு நாள்தான் இதை என்னிடம் சொன்னாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பக்கத்தில் படுத்திருந்த மனுஷன் அப்படிப் பயந்துகொண்டிருந்தது தனக்குத் தெரியவில்லையே என்று நினைத்தாளாம். அப்புறம், அதுதான் இப்போது தெரிந்துவிட்டதே என்றும் நினைத்தாளாம். எழுந்து பேண்ட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "வாங்க, நேரமாவுது" என்று மட்டும் சொன்னாள்.

கார்களை இறக்க வேண்டிய கடையில், வண்டிகளைச் சரிபார்த்து வாங்கும் பெண்ணுக்கு முகத்தில் சிரிப்பென்பதே கிடையாது. ஒவ்வொரு காரையும் சுற்றி வந்தாள். குனிந்தாள், விரலால் தடவினாள், படம் எடுத்தாள். தாழ்வான காரின் அடிவயிற்றைப் பார்க்கத் தரையில் ஒரு அட்டையைப் போட்டுப் படுத்தே விட்டாள். அக்கா அத்தானுக்குப் பின்னால் நின்று அவர் சட்டையின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எழுந்து அட்டையை மடித்தாள்.

"எல்லாம் சுத்தமா இருக்கு. ஒரு கீறல் கூட இல்ல. யார் ஏத்துனது?"

அத்தான் நகர்ந்து நின்றார். பின்னால் அக்கா.

"அடுத்த வாரமும் நீங்களே கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை அக்கா "அப்பாடா" என்று விட்டது தெருக்கோடி வரை கேட்டிருக்கும் என்கிறார் அத்தான். அக்கா இல்லை என்கிறாள்.

மறுநாள் மதியம் மாடிப்படியில் காலடி கேட்டது. அத்தானின் கனமான நடை. கதவைத் திறந்தேன். மேலே போகும் தெம்பு கூட இல்லாமல் அக்கா என் வீட்டுக்குள் நுழைந்து சோபாவில் சாய்ந்தாள். கையிலெல்லாம் கிரீஸ், முட்டியில் ஒரு சிராய்ப்பு. நான் தண்ணீர் கொண்டு வருவதற்குள் பாதிக் கதையைச் சொல்லி முடித்திருந்தாள். மீதியை அத்தான் சொன்னார். அவர் டம்பெல்லுக்கு வரும்போது அவள் தூங்கிவிட்டாள்.

அத்தான் மெதுவாகக் கீழே உட்கார்ந்து, ஒற்றைக் கையால் அவள் பூட்ஸின் நாடாவை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. ராட்செட் போடுகிறவளின் முடிச்சு. நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் போராடி ஒன்றை அவிழ்த்தார், பிறகு மற்றதையும். இரண்டு பூட்ஸையும் கதவோரம் ஜோடியாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றார். "நேத்து காலைலேர்ந்து ரெண்டு பேருக்கும் தொண்டைல ஒண்ணும் இறங்கல. இப்பத்தான் பசிக்குது."